தடைபட்ட பருவமும் கடைசி அணியும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால், புதுக்கோட்டைச் சீமையின் ஆடுகளங்களில் ஒரு பெரும்பகுதி தண்ணீருக்குள் போய்விடுகிறது. பங்குனியில் வற்றி, சித்திரையில் வெடித்து, மேய வந்த மாடுகளின் குளம்படியில் மட்டமாகிப்போன கண்மாய் உள்வாயைத்தான் நம் கிராமத்துப் பிள்ளைகள் பலரும் மைதானமாக்கிக்கொள்கிறார்கள். கண்மாய்க் கரையே பார்வையாளர் அமரும் மேடை, கரையோரத்துப் புளியமரமே ஆட்டக்காரர் இளைப்பாறும் கூடாரம். மழை பெய்து கலிங்கு வழிய நீர் நிறைவதுதான் ஊருக்கு வாழ்வு என்பதை அந்தப் பிள்ளைகள் நன்கறிவார்கள். வானம் பார்த்த பூமியாகிய இந்த மாவட்டத்தில், ஆட்டம் கெடுகிறதே என்பதற்காக மழையை வெறுத்துப் பேசும் ஒரு சிறுவனை நான் கண்டதில்லை. ஆகவே தடையும் இங்கே பருவத்தின் ஓர் உறுப்பாகவே இருந்து வருகிறது. அவ்வாறிருந்தும், உள்ளூர்க் கிரிக்கெட் லீகுகளை நடத்துகிற நாம் ஒவ்வொரு முறையும் தடையை எதிர்பாராத விபத்தாகவே பாவித்து, அது நேர்ந்த பின்னர் திகைத்து, அந்தத் திகைப்பில் மிகச் சுலபமான முடிவொன்றை எடுத்துவிடுகிறோம். எஞ்சிய லீக் ஆட்டங்களை ரத்துச் செய்துவிட்டு, நாக் அவுட் வைத்து, ஒரு கோப்பையை யாரிடமாவது ஒப்படைத்துப் பருவத்தை முடித்துக்கொள்வதே அந்த முடிவு. அது அநியாயமானது என்பது என் அபிப்பிராயம்.

லீக் என்னும் ஏற்பாட்டின் ஜீவன் எதில் இருக்கிறது என்பதை முதலில் யோசிக்கவேண்டும். நம் ஊர்களில் பொங்கலையும் கோடை விடுமுறையையும் ஒட்டி நடக்கும் டென்னிஸ் பந்துத் தொடர்களை அறியாதவர் இல்லை. சுவரொட்டியில் முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், சுழற்கோப்பை வழங்குபவர் என்று ஊர்ப் பெரியவர்களின் பெயர்கள் நிரல்பட நிற்க, ஒலிபெருக்கியில் நேர்முக வர்ணனை முழங்க, தோற்ற அணி காலை பத்து மணிக்கே பேட்டுகளைக் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறது. அது ஒரு திருவிழா; அதன் உற்சாகத்தைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் ஆட்டத்தைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் அதுவன்று. தேங்காய் நார் மேட் விரித்த ஆடுகளத்தில், தோல் பந்தில், வாரந்தோறும் ஒரு புதிய எதிரியைச் சந்தித்து, இன்று செய்த பிழையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருத்திக்கொள்ளும் வாய்ப்பை லீக் ஒன்றுதான் தருகிறது. அந்த வாய்ப்பை முதலிடத்து அணிக்கும் கடைசி இடத்து அணிக்கும் சரிசமமாகத் தருகிறது என்பதுதான் அதன் பெருமை. எட்டு அணி லீகில் ஏழு ஆட்டமும் தோற்ற அணிகூட ஏழு ஞாயிறு ஆடியிருக்கும்.

கணக்கு எளியது. எட்டு அணிகள் சேர்ந்தால் லீகில் மொத்தம் 28 ஆட்டங்கள். மேட் உள்ள மைதானம் ஒன்றே ஒன்று கிடைத்து, அதில் காலையில் ஒன்றும் மதியத்துக்குமேல் ஒன்றுமாக 25 ஓவர் ஆட்டங்கள் இரண்டை நடத்த முடிந்தால், 14 ஞாயிறுகள் வேண்டும். தைப் பொங்கல் கழிந்து தொடங்குவோம் என்றால், முதல் சில வாரங்களில் நம் மாவட்டத்து வாடிவாசல்கள் அனைத்தும் திறந்திருக்கும். தமிழகத்திலேயே அதிகமான ஜல்லிக்கட்டு நடப்பது இங்கேதான் என்பதால், காளையை அவிழ்க்கவும் மாட்டைப் பிடிக்கவும் போன பையன்களை ஆடுகளத்துக்கு அழைப்பது வீண் வேலை. மாசியில் திருவப்பூர் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல், பங்குனியில் நார்த்தாமலைத் தேர். அதே பங்குனியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வு. இவற்றுக்கிடையே ஞாயிற்றுக்கிழமையில் விழும் முகூர்த்த நாட்களில் அணிக்கு ஏழு பேர் தேறுவதே கஷ்டம். ஒழுங்காக நடக்கும் வருஷத்திலேயே லீக் செயலரின் பாடு இதுவென்றால், இயற்கையோ நோயோ குறுக்கிடும் வருஷத்தில் அவர் மனம் தளர்ந்து போவதில் வியப்பொன்றும் இல்லை. அவருக்குச் சம்பளம் கிடையாது. அநேகமாக அவர் ஒரு பள்ளி ஆசிரியராகவோ சிறு வியாபாரியாகவோ இருப்பார். சொந்தக் கைப்பேசியில் பதினாறு பேருடன் பேசி, அம்பயர் வராத நாளில் தாமே வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்பவர். அவர்மீது குற்றம் சுமத்துவது என் நோக்கமன்று.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், மேற்கே நகர்ந்து நம் மாவட்டத்தின் ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை, அறந்தாங்கி வட்டாரங்களைச் சூறையாடியது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, நெடுவாசல் என்று சோலைகளாய் விளங்கிய ஊர்களில் தென்னையும் பலாவும் வாழையும் ஓரிரவில் சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாய் முறிந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அரசாங்க எந்திரங்கள் வந்து சேருமுன் அரிவாளும் கோடரியும் ரம்பமுமாகப் புறப்பட்டுச் சாலைகளில் கிடந்த மரங்களை அறுத்து வழி விட்டவர்கள் அவ்வூர் இளைஞர்களே. ஞாயிற்றுக்கிழமைகளில் பேட் பிடிக்கிற கைகளும் அவர்களிடையே இருந்தன. அத்தகைய காலத்தில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவது எவருக்கும் தோன்றாது, தோன்றவும் கூடாது. ஆனால் தண்ணீரும் மின்சாரமும் திரும்பி, தென்னந்தோப்பின் நஷ்டத்தைத் தகப்பன்மார் தலையில் கை வைத்து எண்ணிக்கொண்டிருக்கும் தை மாசிகளில், அந்த இளைஞர்களுக்கு ஒரு மைதானமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அப்படிப்பட்ட வருஷத்தில் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், பொன்னமராவதியிலும் இலுப்பூரிலும் விராலிமலையிலும், ஆட்டத்துக்குத் தடை அவ்வளவாக இராது; கிழக்கே அணி சேர்க்கவே ஆள் கிடைக்காது. விதிப்புத்தகத்தின் எழுத்தைப் பற்றிக்கொண்டு, வராத அணிக்கு எதிராக வாக் ஓவர் கொடுத்துவிட்டால், புயலில் வீடிழந்தவன் புள்ளிப் பட்டியலிலும் அடியில் கிடப்பான். பேரிடர் காலத்தில் வாக் ஓவர் என்பதே கிடையாது, ஆட முடியாத ஆட்டம் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்ற ஒற்றை வரி விதியில் இருந்தால் இந்த அநியாயம் நேராது. அந்த ஒரு வரியைப் புயல் வந்த பிறகு எழுதினால், மேற்கு அணிகள் அதைச் சலுகை என்று சொல்லும். புயல் வருமுன் எழுதியிருந்தால், அது விதி.

2020 மார்ச் 25இல் நாடு முழுதும் அடைக்கப்பட்டபோது நேர்ந்தது வேறு வகைத் தடை. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்த்த பிள்ளைகள் ஊர் திரும்பி, கிராமங்களில் என்றுமில்லாத அளவுக்கு ஆட்டக்காரர் நிறைந்திருந்தனர். ஆடத்தான் அனுமதி இல்லை. பெரும் பணம் புழங்கும் ஐபிஎல் பந்தயம் அரபு அமீரகத்துக்குக் கப்பலேறாமல் விமானமேறிப் போய், செப்டம்பர் 19இல் தொடங்கி நடந்து முடிந்தது. ஊர்க் கிரிக்கெட்டுக்கு அப்படியொரு பாதுகாப்பு வளையத்தை யார் கட்டித் தருவார்கள்? அந்தப் பருவத்தில் இரு தேசங்கள் செய்த தீர்மானங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்குப் பயன் தரும். 1934-35இல் தொடங்கி, இரண்டாம் உலகப் போரின்போதுகூட நிற்காமல் நடந்துவந்த ரஞ்சிக் கோப்பை, 2020-21இல் முதன்முறையாக நடக்கவில்லை. இருபது ஓவர் சையத் முஷ்டாக் அலி கோப்பை நடந்தது. 2021 ஜனவரி 31இல் அகமதாபாத்தில் பரோடாவை வென்று தமிழ்நாடு அதைக் கைப்பற்றியது. அந்த வெற்றியில் நமக்கு மகிழ்ச்சி உண்டு. ஆயினும் நான்கு நாள் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட ஆட்டக்காரர்கள் ஒரு வருஷ வருமானத்தையும் ஒரு வருஷ ஆட்டத்தையும் ஒருங்கே இழந்தார்கள். முந்தைய பருவத்தின் ஆட்டச் சம்பளத்தில் பாதியை ஈட்டுத்தொகையாகத் தருவதாகக் கிரிக்கெட் வாரியம் அறிவித்தது 2021 செப்டம்பரில்தான்.

இங்கிலாந்தில் அதே கோடையில் கவுண்டிச் சாம்பியன்ஷிப் நடக்க வழியில்லை என்று ஆனபோது, பதினெட்டு அணிகளையும் நாக் அவுட்டில் இறக்கி இரண்டு வாரத்தில் முடித்துவிடவில்லை. அண்டை அயலாக இருக்கும் அணிகளை ஆறு ஆறாகப் பிரித்து மூன்று பிரிவுகள் அமைத்து, ஒவ்வோர் அணிக்கும் ஐந்து ஆட்டங்கள் என்று வகுத்து, பாப் வில்லிஸ் கோப்பை என்ற பெயரில் ஆகஸ்டு முதல் தேதி தொடங்கினார்கள். லார்ட்ஸ் மைதானத்து இறுதி ஆட்டத்தில் சாமர்செட்டை முந்தி எஸ்ஸெக்ஸ் வென்றது. இன்னும் சுவையானது அங்கே ஊர்க் கிளப்புகளின் கதை. பந்தே நோயைச் சுமந்து போகும் பொருள் என்று பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன் ஜூன் மாதத்தில் நாடாளுமன்றத்தில் சொல்லி, கிளப் ஆட்டங்களுக்கு அனுமதி மறுத்தார். ஜூலை 11 முதல் அனுமதி கிடைத்தது. பாதிக் கோடை போய்விட்டது. பந்தில் எச்சில் தடவக்கூடாது, இடைவேளையில் பொதுவில் தேநீர் விருந்து கூடாது என்ற நிபந்தனைகளோடு, பல லீகுகள் பக்கத்து ஊர் அணிகளைச் சிறு சிறு பிரிவுகளாக்கிக் கொண்டு, இந்த வருஷம் மேல் டிவிஷனுக்கு ஏற்றமும் இல்லை, கீழ் டிவிஷனுக்கு இறக்கமும் இல்லை என்று அறிவித்துவிட்டு ஆடத் தொடங்கின. பருவத்தைக் குறைத்தார்கள், லீகின் இயல்பை மாற்றவில்லை.

இதையே நம் எட்டு அணிக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். மழை ஓய்ந்து பார்க்கையில் 14 ஞாயிறுகளில் 7 தான் எஞ்சியிருக்கிறது என்று கொள்வோம். நாக் அவுட் வைத்தால் மொத்தம் 7 ஆட்டங்கள். நான்கே ஞாயிறுகளில் முடிந்துவிடும். எட்டில் நான்கு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகும். மாறாக, நான்கு நான்காக இரு பிரிவுகள் அமைத்தால் 12 ஆட்டங்கள், ஆறு ஞாயிறுகள். ஏழாவது ஞாயிறு இறுதி ஆட்டம். எந்த அணிக்கும் மூன்று ஆட்டத்துக்குக் குறையாது. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். அந்த மூன்று ஞாயிறுகளைச் செலவிடத் தயங்கித்தான், மணமேல்குடிக் கடற்கரையிலிருந்து விடியற்காலையில் வேன் பிடித்து வருகிற அணியை ஒரே ஆட்டத்தோடு அனுப்பிவிட நாம் துணிகிறோம்.

மூன்று ஆட்டத்துக்கும் ஓர் ஆட்டத்துக்கும் என்ன பெரிய வேற்றுமை என்று கேட்பவர்கள், பதினைந்து வயதுப் பையனின் இடத்தில் நின்று பார்க்கவேண்டும். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கீழ் வரும் மாவட்டச் சங்கங்கள் பிராய வாரியாகத்தான் தெரிவு நடத்துகின்றன. அந்தத் தெரிவுக்கு வரும் பையன் அதற்குமுன் நாலு பேர் பார்க்க ஆடியிருக்கவேண்டும். 16 வயதுக்குட்பட்டோருக்கான விஜய் மெர்ச்சன்ட் கோப்பை 2020-21இல் நடக்காமற் போனபோது, அந்த வருஷத்தில் எல்லைப் பிராயத்தில் இருந்த பையன்களுக்கு அந்த வாசல் மூடிக்கொண்டது. முப்பது வயதுக்காரன் இழந்த பருவத்தை அடுத்த வருஷம் ஆடித் தீர்த்துக்கொள்வான். பதினைந்து வயதுக்காரனுக்கு அடுத்த வருஷம் பதினாறு முடிந்துவிடுகிறது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்த தங்கராசு நடராஜன், சென்னைக்கு வந்து நான்காம் டிவிஷன் லீகில் கால் வைத்து, அங்கிருந்து படிப்படியாக ஏறித்தான் 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், டெஸ்ட் ஆட்டம் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அவருக்குக் கைகொடுத்தது கீழ் டிவிஷன் லீக். கடைசி இடத்து அணியிலும் அப்படி ஒருவன் பந்து வீசிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால்தான், கடைசி இடத்து அணியின் ஆட்டங்களைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுகிறேன்.

விதிகளில் இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. தடைபட்ட பருவத்தில் எல்லா அணியும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிராது. அப்போது மொத்தப் புள்ளிகளை வைத்து வரிசைப்படுத்தினால், உலர்ந்த மைதானம் கிடைத்தவன் மேலே ஏறிவிடுவான். ஆடிய ஆட்டம் ஒன்றுக்கு எத்தனை புள்ளி என்ற சராசரியே நியாயம். மழையால் ஓவர் குறையும்போது இலக்கை மாற்றியமைக்க 1997இல் ஹராரேயில் முதலில் கையாளப்பட்ட டக்வொர்த்-லூயிஸ் முறை உலகெங்கும் உண்டு. கேரளப் பொறியாளர் வி. ஜெயதேவன் வகுத்த முறையை நம் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கையாண்டிருக்கிறது. ஆனால் பள்ளி மாணவன் ஒருவன் மரத்தடியில் ஸ்கோர் எழுதும் ஆட்டத்தில், பாதியில் கணக்குப் போட்டு வெற்றி தோல்வி சொல்வதைவிட, தொடங்குமுன்னரே இருபுறமும் ஓவர்களைச் சமமாகக் குறைத்துக்கொள்வதும், நடுவில் மழை வந்தால் இன்னொரு நாள் ஆடுவதும் மனஸ்தாபத்துக்கு இடம் தராது. கோப்பை விஷயத்தில், ஆட்டங்களில் பாதியாவது நடந்திருந்தாலொழிய அந்த வருஷம் யார் பெயரையும் அதில் பொறிக்கவேண்டியதில்லை என்பேன்.

இங்கேதான் பரிசு வழங்கும் புரவலர்களின் மனம் குறுக்கே நிற்கிறது. பணம் தருபவருக்கு இறுதி ஆட்டமும், கூட்டமும், மேடையும் வேண்டும். அது இயல்பான ஆசை, அவர் பணம் இல்லாவிட்டால் பந்து வாங்கவும் வழியில்லை. ஆகவே லீக் முறையில் பணம் எங்கே போகிறது என்பதை அவருக்குக் காட்டவேண்டும். ஒரு மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு நாலைந்து பையன்கள் சுருளைத் தோளில் தூக்கிவந்து, செம்மண் தளத்தைத் தண்ணீர் தெளித்து உருளையால் அழுத்தி, மேட்டை விரித்து, சுற்றிலும் ஆணியடித்து இழுத்துக் கட்டுகிறார்கள். எங்கேயாவது ஒரு மடிப்பு நின்றால் பந்து அதில் பட்டு ஆட்டக்காரன் முகத்துக்கு எழும்பும் என்பதால், முட்டி போட்டு உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார்கள். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் அந்தத் தேங்காய் நார் மேட் தண்ணீரைக் குடித்து எட்டுப் பேர் சேர்ந்தாலும் அசையாத பாரமாகிவிடுகிறது. அப்படியே சுருட்டி வைத்தால் மக்கி, அடுத்த மாதமே இழை பிரியும். நனைந்த மேட்டை உலர்த்த ஒரு கொட்டகையும், மேட்டைப் போர்த்த ஒரு தார்பாயும் இருந்தால், ஒரு பருவத்தில் சில ஞாயிறுகளையாவது மீட்டுவிடலாம். கோப்பையின் உயரத்தில் ஒரு சாணைக் குறைத்து, அந்தப் பணத்தில் தார்பாய் வாங்கித் தரும் புரவலரின் பெயரைச் சுவரொட்டியில் எல்லாருக்கும் மேலே போடவேண்டும்.

மைதானம் இல்லாமையே எல்லாத் தடைகளுக்கும் தாய். கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் மேட்டு நிலத்தில் இருப்பவை பள்ளி, கல்லூரி மைதானங்களும் நகரத்து மாவட்ட விளையாட்டரங்கமும்தான். அவற்றில் பல ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கின்றன. வெளியாரை உள்ளே விட்டால் குழாய் உடையும், சுவரில் பந்து படும், யார் பொறுப்பு என்று தலைமையாசிரியர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது; எனவே வேண்டுகோளாக மட்டும் விட்டுவிடாமல், மாவட்ட நிர்வாகம் ஓர் ஒழுங்கு வகுக்கவேண்டும். லீகில் பதிவுபெற்ற அணிகள் ஒரு வைப்புத்தொகை கட்டி, சேதத்துக்குப் பொறுப்பேற்று, ஐப்பசி முதல் தை வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டத்துக்கு ஒரு பள்ளி மைதானத்திலாவது ஆட அனுமதி என்று ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். அறந்தாங்கிக்கு ஒன்று, திருமயத்துக்கு ஒன்று, கந்தர்வகோட்டைக்கு ஒன்று என்று மைதானங்கள் பிரிந்து கிடைத்துவிட்டால், தடைபட்ட பருவத்தில் அணிகளை அருகருகே பிரித்து ஆடவைக்கும் வேலையும் எளிதாகும். வேன் வாடகையும் மிச்சம்.

இவை எதற்கும் பெரிய பணம் வேண்டியதில்லை. காலம் பார்த்துச் செய்வதுதான் அவசியம். ஆடி மாதத்தில், கண்மாய்கள் வற்றிக் கிடக்கையில், அணித் தலைவர்கள் கூடும் கூட்டத்தில், நுழைவுக் கட்டணத்துக்கு ரசீது கிழிக்குமுன்பே, எத்தனை ஞாயிறு எஞ்சினால் எத்தனை பிரிவு, எப்போது ஏற்ற இறக்கம் நிற்கும், வாக் ஓவர் எப்போது செல்லாது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, வாசித்து, அனைவரும் கையெழுத்திட்டு, ஓர் அணிக்கு ஒரு பிரதியாகக் கொடுத்துவிடவேண்டும்.